படித்துப் பார்க்காமல் போன ஒரு டப்பா

அண்ணன் நினைவாகப் போடும் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அவர் மேல் பிரியம் வைத்திருந்த எல்லோருக்கும் என் வணக்கம். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், மொய்க் கவரின் மேல் பெயரும்தான். ஞாபகமும் சரியில்லை. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். மாட்டேன் என்றுதான் சொன்னேன். அண்ணன் மகன் விடவில்லை. "அத்தை, அப்பா அந்த வேலைய ஆரம்பிச்சப்ப கூட இருந்தது நீங்க ஒருத்தருதான். எங்களுக்கு என்ன தெரியும்? சும்மா பேசுற மாதிரியே எழுதுங்க, போதும்" என்று தாளையும் பேனாவையும் மடியில் வைத்துவிட்டுப் போனான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது உசிலம்பட்டி போகிற சாலையை ஒட்டி உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் இல்லை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாதான் எங்கள் இருவரையும் வளர்த்தது. அண்ணனைப் படிக்க வைத்தே தீருவேன் என்று நின்று, மதுரையில் மருந்தாளுநர் படிப்புப் படிக்க வைத்தது. படித்து முடித்ததும் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் அண்ணனைக் கம்பவுண்டர் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் ஆனையூரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அப்போது ஆனையூரில் வீடுகளைவிட வயல்கள்தான் அதிகம். எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம் மகன் சீட்டைப் பாத்து மருந்து எடுத்துக் குடுத்தாத்தான் டாக்டருக்கே வேலை" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரிக்குத் திருவிழாக் காலம் வந்தால் ஒருவர் முகம் வெந்து வருவாராம். நாடகத்தில் சாமி வேசம் கட்டுகிறவர். கன்னம், நெற்றி எல்லாம் தோல் உரிந்து, கண் இடுங்கி இருக்கும். அண்ணன் களிம்பு கொடுப்பார். புண் ஆறிப் போவார். அடுத்த திருவிழாவுக்கு அதே முகத்தோடு வந்து நிற்பார். ஒருநாள் அண்ணன், "அண்ணே, மூஞ்சிக்கு என்னதான் பூசுறீங்க? நாளைக்குக் கொண்டாங்க பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டியது சுவருக்கு அடிக்கிற சாயப்பொடி. அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டுதான் விடிய விடியப் பாடியிருக்கிறார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் களிம்பு குடுத்துக்கிட்டே இருக்கேன், அந்தாளு வெந்துக்கிட்டே இருக்காரு. பூசுறதை மாத்திட்டா களிம்பே வேணாம்மா."

அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டின் பின்னறையில் மருந்து அரைக்கிற ஒரு கல்வம், ஒரு சின்னத் தராசு, மண்ணெண்ணெய் அடுப்பு. தேன்மெழுகை உருக்கி, வாஸ்லின் சேர்த்து, ஆஸ்பத்திரிக் களிம்பில் போடுகிற வெள்ளைப் பொடியைச் சலித்துப் போட்டு, காவியைத் தண்ணீரில் பலமுறை தெளிய வைத்து எடுத்து, ஒவ்வொரு நிறமாக அரைப்பார். அந்த அறை இப்போதும் என் கனவில் வருகிறது. கனவில் அங்கே எப்போதும் பிற்பகல்தான். சன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும். அந்த வெயிலில் சிவப்பும் மஞ்சளுமாகத் தூசி மெல்ல ஏறி இறங்கும். கல்வத்தில் குழவி சுற்றுகிற சத்தம் தூக்கத்தில் யாரோ முனகுவது போல இருக்கும். மெழுகு வாசம் என் தலைமுடி வரை ஏறியிருக்கும்.

எதைச் செய்தாலும் முதலில் தன் இடது முன்கையில் ஒரு சதுரமாகப் பூசி, ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்ப்பார். அரிக்கவில்லை, சிவக்கவில்லை என்றால்தான் அடுத்த வேலை. அதனால் அண்ணனின் இடது கையில் எந்நேரமும் நாலைந்து நிறம் இருக்கும். அந்தக் கையோடு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கொஞ்ச நாள் முழுக்கைச் சட்டை போட்டுப் பார்த்தார். பிறகு ஒருநாள் வேலையையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அம்மா அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. "நோயாளிக்கு மருந்து குடுத்த கையிடா அது. கூத்தாடிக்குச் சாயம் கரைக்கவா படிக்க வச்சேன்?" என்று ஒரே அழுகை.

"மருந்துதாம்மா இதுவும். வேற ஆளுக்குக் குடுக்கிறேன், அம்புட்டுத்தான்" என்றார் அண்ணன்.

கோரிப்பாளையத்தில் தகர டப்பா விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அண்ணன் அவரிடம்தான் களிம்பு டப்பா வாங்குவார். நானும் கூடப் போவேன். எங்களைக் கண்டாலே, "வாங்க தம்பி, இந்த வாரம் எத்தனை ராஜா, எத்தனை அரக்கன்?" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அரக்கனுக்குத்தான் பாய் பெரிய டப்பா வேணும்" என்பார். அந்த வேலையை மரியாதையாக விசாரித்த முதல் ஆள் பாய்தான்.

எனக்கும் அந்த அறையில் ஒரு வேலை இருந்தது. டப்பாவின் அடியில் அண்ணன் ஒரு சீட்டு ஒட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கு, எப்படிப் பூச வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எழுதி ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க வேண்டும். "ராஜா வேசம். ரோஸ். கண்ணுக்குள் படக் கூடாது." அண்ணன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, "சரி, மூடு" என்பார். அதற்குப் பிறகுதான் டப்பா வீட்டை விட்டுப் போகும். எழுதினவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்பது மருந்துக்காரர்களின் பழக்கமாம். "நான் மெதுவால்ல அண்ணே படிக்கிறேன்?" என்று கேட்டால், "மெதுவாப் படி தாயி. யாரு அவசரப்படுறா?" என்பார். வெளி ஆள் முன்னால் வாய் திறக்காத நான் அந்த அறையில் மட்டும் சத்தம் போட்டுப் படித்தேன்.

இனிமேல் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சமாக இருக்கிறது. அண்ணன் கதையில் அது ஒட்டிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். வயதுக்கு வந்த சில மாதங்களில் என் இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. பிறகு அது புளியிலை அளவு, பிறகு வெற்றிலையில் பாதி அளவு ஆனது. வெண்படை. பெரிய டாக்டர்களிடமெல்லாம் அண்ணன் கூட்டிப் போனார். மருந்து கொடுத்தார்கள், அது தன் போக்கில் இருந்தது. பெண் கேட்டு வந்த ஓர் இடம் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் போனது. இன்னோர் இடம், "கூத்தாடிக்கு மூஞ்சி பூசுறவன் தங்கச்சியாமே" என்று வராமலே நின்றது. மூன்றாவதாகத் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பு செட்டு ரிப்பேர் வேலை, நல்ல குடும்பம். அவர்கள் ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதுவும் போய்விட்டால் என்னை இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா பயந்துபோனது.

அம்மா அண்ணனிடம் போய் நின்றது. "ஊருல உள்ள ஆம்பளைய எல்லாம் ராசாவாக்குற. உந் தங்கச்சி கன்னத்தை அன்னிக்கு ஒருநா மறைக்க மாட்டியா?"

அண்ணன் கல்வத்திலிருந்து கையை எடுத்தார். "நாடகத்துல வேசம்னு எல்லாருக்கும் தெரியும்மா. இது அப்படியா?" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றது. கடைசியில் சரி என்றுவிட்டார்.

அந்தப் பிற்பகல்களை மறக்க முடியாது. என்னைச் சன்னல் பக்கம் உட்கார வைத்து, வெயில் படுகிற கன்னத்தைப் பார்த்துப் பார்த்து அரைப்பார். மஞ்சள் காவி கொஞ்சம், செங்காவி கொஞ்சம், விளக்குக் கரி ஊசிமுனை அளவு. "உன் நிறத்துல பச்சை இருக்கு, தெரியுமா?" என்றார்.

"நான் என்ன வெத்தலையாண்ணே?"

"பேசாம இரு. சிரிச்சா கன்னம் கலர் மாறுது."

முதலில் தன் கையில் சதுரம் போட்டார். மறுநாள் என் கன்னத்தில் விரலால் ஒற்றினார். கண்ணாடியைக் காட்டினார். வெள்ளை இல்லை. புள்ளி வருவதற்கு முன்னால் இருந்த பெண் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சந்தோசமா பயமா என்று தெரியவில்லை. அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. அதை ஒரு டப்பாவில் வழித்து வைத்தார். என் பெயரை எழுதி ஒட்ட மனசு வரவில்லை போல. சீட்டு இல்லாமலே மேல் தட்டில் வைத்துவிட்டார். என்னையும் படிக்கச் சொல்லவில்லை. படிக்கத்தான் ஒன்றும் இல்லையே. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பாவில் சாமி வேசத்துக்கான நீலம். அதற்கும் சீட்டு எழுத வேண்டியிருந்தது. அன்றைக்கு அண்ணன் அதையும் எழுதவில்லை.

நாடகக்காரர்களின் ஆள் வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. நான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தேன். "சாமிக்குக் கலர் குடுங்கத்தா, வண்டி நிக்குது" என்று அவர் அவசரப்படுத்த, அம்மா மேல் தட்டில் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் கண் சிவந்து கிடந்தது. "ஊருல நாடகம். விடியக் காலம்தான் முடிஞ்சது. குளிச்சிட்டு அப்படியே பஸ் ஏறிட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் அப்பா பாயில் உட்கார்ந்த உடனே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பேசுகிறவர்கள் பாதிப் பேச்சில் கொட்டாவி விட்டார்கள். வீடு முழுக்கத் தூக்கத்தில் மிதப்பது போல இருந்தது.

உள்ளறையில் சன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த இருட்டில் அம்மா டப்பாவைத் திறந்து, விரல் நிறைய எடுத்து என் கன்னத்தில் அப்பியது. கதவைக் கொஞ்சம் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் பளீரென்று நீலம்.

"அடி ஆத்தா! சாமி மூஞ்சியில பூசுறதை இவ மூஞ்சியில பூசிட்டேனே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டது.

அண்ணன் ஓடி வந்தார். டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார். வெறும் தகரம். "சீட்டு ஒட்டலை" என்றார், அவருக்கே சொல்வது போல. பிறகு பஞ்சில் எண்ணெய் தொட்டு என் கன்னத்தைத் துடைத்தார். நீலம் போனது. வெள்ளை வந்தது.

"வேற கலக்குடா, சீக்கிரம் கலக்கு!"

"அரை நாள் ஆகும்மா."

"அப்ப இவளை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு. கன்னம் தெரியாம நிக்கட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே தாயி?"

என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எப்படி வாய் வந்ததோ. "சீட்டு ஒட்டாம எதையும் நீங்க வெளிய அனுப்ப மாட்டீங்களே அண்ணே" என்றேன்.

அண்ணன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். என்னை முன்னே நடக்கச் சொல்லி, காப்பித் தட்டைக் கையில் கொடுத்து, தானும் கூட வந்தார். நான் தலை குனியவில்லை. குனிந்தால் விழுந்துவிடுவேன் போல இருந்தது.

அண்ணன் நின்றபடியே சொன்னார். டப்பாச் சீட்டைப் படிப்பது போலவே இருந்தது. "கன்னத்துல இருக்கிறது வெண்படை. ஒட்டுவாரொட்டி இல்லை. வலி இல்லை. மருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். போகலாம், போகாமலும் இருக்கலாம், இன்னும் கூடவும் செய்யலாம்."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "பெறுற பிள்ளைகளுக்கு வருமாப்பா?"

"பெரும்பாலும் வராது. வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

தூங்குகிறவரின் குறட்டை மட்டும் கேட்டது. அம்மா கதவிடுக்கில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் மாப்பிள்ளை முதல் முறையாகப் பேசினார். "அண்ணே, அவுக காதுகிட்ட அது என்ன, நீலமா இருக்கு?"

அண்ணன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். என் நிறத்தில் ஒரு டப்பா செய்ததையும், அது மாறி நாடகத்துக்குப் போனதையும், நீலம் இங்கே தங்கியதையும். "தப்பு என்னோடதுதான். சீட்டு ஒட்டாம வச்சது நான்" என்றார்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். "அம்மா! நேத்துச் சாமி!"

அந்த அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். "ஆமாடா! நேத்துச் சாமி நீலமாவே வரலையே! நம்ம வீட்டுப் பிள்ளை கணக்கால்ல வந்து நின்னுச்சு. பொம்பளைக எல்லாம் இதென்னடி சாமி நம்ம நிறத்துல வந்திருக்குன்னு வாயடைச்சுப் போனோமே! நான் கையெடுத்துக் கும்பிட்டேனே!"

கிட்டே வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். வெள்ளையை விட்டுவிட்டு மறு கன்னத்தை உற்றுப் பார்த்தார்கள். "இதே நிறம்தான்" என்றார்கள். பிறகு வெள்ளையையும் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்கள். "எரியுதாத்தா?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கிளம்பும்போது நடந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவரை அண்ணே, அண்ணே என்று பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, வாசலில் செருப்பை மாட்டியபடி, "அப்ப வாரேன் மச்சான்" என்றார். அம்மா உள்ளே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

அந்த வருசமே எங்கள் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, "நான் சாமியைப் பாத்துட்டு வந்து பொண்ணு பாத்தேன்" என்று எல்லோரிடமும் சொல்லி என் மானத்தை வாங்குவார்.

சாமி வேசக்காரர் கொஞ்ச நாள் கழித்து வந்தார். திட்டப் போகிறார் என்று அண்ணன் எழுந்து நின்றார். "தம்பி, நீலம் வேணாம். அன்னிக்குக் குடுத்தீங்களே, அதையே குடுங்க. சனம் என்னைய வேற மாதிரி பாத்துச்சு" என்றார் அவர். அண்ணன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். டப்பாவின் அடியில் 'சாமி வேசம். தங்கச்சி நிறம்' என்று எழுதி ஒட்டினார். எண்பதுகளிலும் பல வருசம் சுற்றுப்பட்டு ஊர்களில் சாமி என் நிறத்தில்தான் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு என்னைப் போலப் புள்ளி உள்ளவர்களும் நெருப்புப் பட்ட தழும்பு உள்ளவர்களும் அண்ணனைத் தேடி வந்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். அண்ணன் அவர்களையும் சன்னல் பக்கம் உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து அரைத்தார். இது மருந்து இல்லை, மேல் பூச்சுதான் என்று சீட்டில் முதல் வரியாக எழுதுவார். வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கொடுத்தார். எனக்கு மட்டும் மறுபடி செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. மதினி வந்த பிறகு மதினியும் அந்த அறையில் உழைத்தார்கள். சீட்டைப் படிக்க மட்டும், வீட்டுக்காரர் வேலைக்காக ஆனையூருக்கே வந்து பக்கத்துத் தெருவில் குடியிருந்த என்னைத்தான் அண்ணன் கூப்பிட்டு அனுப்புவார். அடிக்கடி போக நேர்ந்ததில் என் வீட்டுக்காரருக்கு ஒருநாளும் வருத்தம் இல்லை.

கடைசிக் காலத்தில் அண்ணன் கே.கே. நகரில் மகன் வீட்டில் இருந்தார். கை நடுங்கியது, கண் மங்கியது. மாத்திரைக் கவரில் மருந்துக் கடைக்காரர் தமிழில் எழுதியிருப்பதைப் பேத்தி கடகடவென்று படிப்பாள். அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டு, "தங்கச்சி வரட்டும்" என்பாராம். நான் போய் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "காலை ஒன்று. சாப்பிட்ட பிறகு." கவருக்குள் பார்த்துவிட்டு, "சரி, மூடு" என்பார். கடைசியாக நான் அவர் குரலைக் கேட்டதும் அந்தச் சொல்தான்.

குளிப்பாட்டும்போது இடது கையைப் பார்த்தேன். நிறம் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், ராப்பகலாகக் கவனித்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோரிப்பாளையம் பாய் இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் வந்து எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தார்கள். தள்ளாத வயதில் கம்பு ஊன்றி வந்த சாமி வேசக்காரர் அண்ணன் முகத்தைத் தடவிக்கொண்டு, "எம் மூஞ்சி இன்னும் மூஞ்சியா இருக்குன்னா இவராலதான்" என்று அழுதார். அவருக்கும் கும்பிடு.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. எழுதினவர் கண்ணுக்குத் தெரியாது என்று அண்ணன் சொல்வார். வருசங்கள் மாறியிருக்கலாம், யார் முதலில் வந்தார்கள் என்பதும் மாறியிருக்கலாம். படித்துப் பார்க்காமல் அண்ணன் கையை விட்டுப் போனது அந்த ஒரு டப்பாதான். அவரைப் பற்றி எழுதின இந்தத் தாளும் இன்னொரு கண் பார்க்காமல் வெளியே போக வேண்டாம். மதினியோ, மருமகனோ, விவரம் தெரிந்த வேறு யாராவதோ மெதுவாக, சத்தம் போட்டு ஒருமுறை படித்து, சரியாக இருந்தால் சரி என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம்.